டவுன்ஷிப் மியூச்சுவல் தீக்காப்பீட்டு நிறுவனம் தொடங்க 25 பேர் போதுமா?

பிரிவு: சட்டம், காப்பீடு, வரி

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மினசோட்டாவின் மேற்குப் பகுதியில் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். வீட்டோடு பெரிய மரக் கொட்டகை ஒன்று, இரண்டு தானியக் குதிர்கள். விறகடுப்பும் கொட்டகையின் வயதும் தெரிந்ததுமே பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் நழுவிவிட்டன. கடைசியில் பக்கத்து ஊர் டவுன்ஷிப் மியூச்சுவல்தான் பாலிசி தந்தது (டவுன்ஷிப் என்பது இங்கே ஒரு சின்ன உள்ளாட்சிப் பகுதி; மியூச்சுவல் என்றால் பாலிசிதாரர்களே சேர்ந்து நடத்தும் காப்பீட்டு நிறுவனம்). மேலாளரே நேரில் வந்து புகைபோக்கியைப் பார்த்து, 'இதைச் சரிசெய்தால் தருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்த நிறுவனம் வேறொரு மியூச்சுவலோடு இணையப் போகிறதாம். அலுவலகம் எழுபது மைல் தள்ளிப் போய்விடும். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலருக்கு இதில் கடுப்பு. 'நம் கொள்ளுத்தாத்தாக்கள் தொடங்கியதுதானே, நாமும் ஒன்று தொடங்குவோம். சட்டப்படி 25 பேர் போதும்' என்கிறார்கள். என்னையும் அந்த 25-இல் சேர்த்துவிட்டார்கள் (கணினி தெரிந்தவன் ஒருவன் வேண்டுமாம்!). நிஜமாகவே 25 பேர் போதுமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குறும்பன்_77 எழுதியது:

25 பேர் இருந்தால் எங்கள் ஊரில் சீட்டுப் பிடிப்பார்கள். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனமே தொடங்குவீர்களா? நடத்துங்கள் 🙂

---

பழைய கணக்கன் எழுதியது:

ஏரிக்கரை தம்பி, உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் படித்தது முதல் பத்தி மட்டும்தான். நான் வேலை பார்த்த காலம் முழுக்க மறுகாப்பீட்டுப் பக்கம், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் பக்கம், இருந்தவன். மத்திய மேற்கு மாநிலங்களின் சின்ன மியூச்சுவல்களின் கணக்குகள் என் மேசைக்கு வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அமெரிக்காவில் காப்பீடு மாநிலங்களின் கையில். 1945-இல் வந்த மெக்கார்ரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. ஆகவே 'அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது' என்ற கேள்விக்கே இடமில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விஸ்கான்சினில் இவை டவுன் மியூச்சுவல், சட்டத்தொகுப்பின் 612-ஆம் அத்தியாயம். அயோவாவில் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மியூச்சுவல், 518-ஆம் அத்தியாயம். இல்லினாய்ஸில் 1986-இன் பண்ணை மியூச்சுவல் சட்டம். உங்களுக்கு மினசோட்டாவின் 67ஏ அத்தியாயம்.

அந்த 67ஏ-வின் தொடக்கத்திலேயே உங்கள் 25 வருகிறது. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் வசிக்கும் 25 பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவர்களிடம் மொத்தமாக 50,000 டாலர் மதிப்புள்ள சொத்தாவது இருக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் கொட்டகையும் டிராக்டருமே அந்த 50,000-ஐத் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் 'இவ்வளவு சுலபமா' என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது எல்லை. எந்தெந்தப் பகுதிகளில் தொழில் செய்வீர்கள் என்பதை நிறுவனச் சான்றிதழிலேயே எழுத வேண்டும். பொதுவாக 9 கவுன்ட்டிகள் வரை, போதுமான உபரி நிதி இருந்து மாநில வர்த்தகத் துறை ஆணையர் அனுமதித்தால் 20 வரை போகலாம். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். எதைக் காப்பீடு செய்யலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு: வீடு, வீட்டுச் சாமான், பண்ணைக் கட்டடங்கள், பண்ணைப் பொருள்கள், தேவாலயம், டவுன்ஷிப் கூட்ட மண்டபம், கவுன்ட்டி கண்காட்சிக் கட்டடங்கள்கூட. பட்டியலை வாசித்தாலே ஒரு கிராமம் கண்ணுக்குத் தெரியும். பெரிய நகரத்துக்குள் நுழைவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள்.

பிறகு துணைவிதிகள், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு, ஆண்டுப் பொதுக்கூட்டம், வர்த்தகத் துறை ஆணையருக்கு ஆண்டறிக்கை, அவருடைய ஆட்கள் வந்து கணக்கைத் தோண்டிப் பார்க்கும் ஆய்வு. இதெல்லாம் காகித வேலை. ஒரு நல்ல வழக்கறிஞர் முடித்துவிடுவார்.

கதவு அடைபடுவது வேறு இடத்தில். பாலிசி எழுதத் தொடங்கும் முன் உபரி நிதி காட்ட வேண்டும். உபரி என்றால் கடன், பொறுப்பு எல்லாம் போக மிஞ்சும் சொந்தப் பணம். பங்கு விற்றுத் திரட்ட முடியாது, ஏனென்றால் மியூச்சுவலில் பங்கே கிடையாது. பாலிசி வைத்திருப்பவரே உரிமையாளர். அதற்குப் பிறகு மறுகாப்பீடு. உங்களை நம்பி மறுகாப்பீடு தர ஒருவர் வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வியே 'கடந்த ஐந்து ஆண்டு இழப்புக் கணக்கு எங்கே' என்பதுதான். புது நிறுவனத்திடம் அது எப்படி இருக்கும்?

---

மீனா_ரா எழுதியது:

> *பாலிசி வைத்திருப்பவரே உரிமையாளர்.*

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள் ஐயா. உரிமையாளர் என்றால் நஷ்டத்துக்கும் உரிமையாளர். கூடுதல் வசூல் உண்டா இல்லையா?

---

பழைய கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன்.

பழைய மியூச்சுவல்கள் பலவற்றில் முன்கூட்டி வாங்கும் பிரீமியம் மிகக் குறைவு. உறுப்பினர் ஒரு கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒருவர் வீடு எரிந்தால் நஷ்டத்தை எல்லோருடைய சீட்டின் மேலும் விகிதப்படி பிரித்து வசூலிப்பார்கள். எரியாத ஆண்டில் செலவே இல்லை. எரிந்த ஆண்டில் அறுவடைக்கு முன்னால் கடிதம் வரும். யாருக்குத்தான் பிடிக்கும்? போகப்போக முன்பிரீமியம் முறைக்கு மாறினார்கள். ஆனால் கூடுதல் வசூல் செய்யும் அதிகாரம் பல மாநிலச் சட்டங்களில் இன்னும் இருக்கிறது. பாலிசியிலும் அச்சிட்டிருக்கும். பிரீமியமும் உபரியும் போதாமல் போனால் உறுப்பினரிடம் கேட்கலாம். ஏரிக்கரை தம்பி, உங்கள் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு போடுகிறேன், வெறும் உதாரணம்தான். உங்களோடு சேர்ந்து 25 குடும்பம், ஆளுக்குச் சராசரி 4 லட்சம் டாலர் மதிப்பு, பிரீமியம் ஆண்டுக்கு 2,000 டாலர். மொத்த வரவு 50,000. முதல் குளிர்காலத்தில் ஒரே ஒரு வீடு முழுதாக எரிகிறது. 4 லட்சம் எங்கிருந்து வரும்? மறுகாப்பீடு இல்லை என்றால் மீதி 3.5 லட்சத்தை 25 பேர் பங்கு போட வேண்டும், ஆளுக்கு 14,000 டாலர். வீடு எரிந்தவரும் அந்த 25-இல் ஒருவர் என்பதை மறக்காதீர்கள். 

சட்டம் 25 பேர் போதும் என்கிறது. எண்கணிதம் ஒப்புக்கொள்ளாது.

---

குறும்பன்_77 எழுதியது:

14,000 டாலர்! அந்த 25-இல் இருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள் ஏரிக்கரை.

---

ஏரிக்கரை எழுதியது:

பாலிசியை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது ஐயா. கூடுதல் வசூல் பற்றி ஒரு பத்தி. கையெழுத்துப் போட்டபோது இதை யாரும் படிக்கவில்லை, நானும் சரி, என் மனைவியும் சரி.

இன்னொன்றும் கவனித்தேன். தீ, மின்னல் எல்லாம் மியூச்சுவல் பெயரில் இருக்கிறது. காற்றும் ஆலங்கட்டியும் வேறொரு நிறுவனத்தின் பெயரில், அதே உறைக்குள். ஏன் இப்படி?

---

பழைய கணக்கன் எழுதியது:

சின்ன மியூச்சுவலுக்குத் தீ பரவாயில்லை, காற்றுதான் எமன். பண்ணைகள் அரை மைல், ஒரு மைல் தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்று எரிந்தால் அடுத்ததற்குத் தாவாது. ஆகவே ஒரு ஆண்டில் இத்தனை வீடு எரியும் என்று ஓரளவு கணிக்கலாம். சூறாவளி அப்படியா? ஒரே மாலையில் மூன்று டவுன்ஷிப்பின் கூரைகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் காற்று, ஆலங்கட்டி, பொறுப்புக் காப்பீடு (உங்களால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) இதையெல்லாம் பெரிய கூட்டாளி நிறுவனம் ஒன்று எழுதும். உள்ளூர் மியூச்சுவல் தீயை எழுதும். வாடிக்கையாளர் கையில் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும்.

இந்தக் கூட்டாளிகளும் பெரும்பாலும் மியூச்சுவல்களே உண்டாக்கியவைதாம். அயோவாவின் கிரின்னெல் மியூச்சுவல் 1909-இல் இப்படித்தான், சின்ன மியூச்சுவல்களுக்கு மறுகாப்பீடு தருவதற்கென்றே தோன்றியது. உங்கள் மாநிலத்தில் எஸ்கோ என்ற ஊரிலிருந்து நடக்கும் ராம் மியூச்சுவலும் அதே வகை. நம்மூர்ப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், 'மினசோட்டா மறுகாப்பீட்டுச் சங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.

---

கோட்டைமேடு செல்வம் எழுதியது:

சார், இந்த இழையை இரவு முழுக்கப் படித்தேன். நான் தமிழ்நாட்டில் ஒரு தினசரி மார்க்கெட் வியாபாரிகள் சங்கத்தில் இருக்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே 60 கடை. மின்கசிவு பயம் எப்போதும் உண்டு. பாதிப் பேரிடம் எந்தப் பாலிசியும் கிடையாது. 'ஆளுக்கு மாதம் 200 போட்டு, யார் கடை எரிந்தாலும் சங்கம் கொடுக்கும்' என்று ஒரு தீக்காப்பு நிதி தொடங்கலாமா? அமெரிக்காவில் 25 பேருக்கு முடியும் என்றால் இங்கே 60 பேருக்கு முடியாதா?

---

மீனா_ரா எழுதியது:

செல்வம் அண்ணா, நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி, 'யார் கடை எரிந்தாலும் சங்கம் கொடுக்கும்', அதுதான் சட்டத்தில் மாட்டிவிடும் வரி. பணம் வாங்கிக்கொண்டு, இன்னது நடந்தால் இவ்வளவு தருவேன் என்று உறுதி கொடுத்தால் அது காப்பீட்டுத் தொழில். 1938-இன் காப்பீட்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 25 கோடி ரூபாய் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. அறுபது காய்கறிக் கடைக்காரர்களை யாரும் அந்த எல்லைக்குத் தண்டிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சங்கச் செயலாளர் யாரோ ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவு வாங்கலாமே என்றால், பொதுக்காப்பீட்டுக்குக் குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய். கூட்டுறவுச் சங்கமாகவும் நடத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அதே 100 கோடி என்றுதான் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

---

கோட்டைமேடு செல்வம் எழுதியது:

100 கோடியா! எங்கள் மார்க்கெட்டையே விற்றாலும் வராது. அப்புறம் எதற்குக் கூட்டுறவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்?

---

தெற்குவீதி எழுதியது:

இதுதான் என் நெடுநாள் கோபம். மினசோட்டா விவசாயிக்கு 50,000 டாலர் சொத்து, அதுவும் ஏற்கெனவே அவரிடம் இருப்பது. நம் வியாபாரிக்கு 100 கோடி ரொக்கம். 1972-இல் பொதுக்காப்பீட்டைத் தேசியமயமாக்கியபோது 107 நிறுவனங்களை நான்கு அரசு நிறுவனங்களாகச் சுருக்கினார்கள், 1973 ஜனவரி 1 முதல். அதற்கு முன் சின்னச் சின்ன நிறுவனங்கள் இருந்தன. தனியாருக்கு மறுபடி கதவு திறந்தபோது பெரிய முதலாளிகள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தார்கள். மதுரையில் தானம் அறக்கட்டளையின் மக்கள் மியூச்சுவல் அமைப்பு ஏழைக் குடும்பங்களை வைத்துப் பரஸ்பரக் காப்பை நடத்திக்காட்டவில்லையா? 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழுவே, ஏழைகளுக்குச் சிறுதொகைக் காப்பீடு தரும் நுண்காப்பீட்டு நிறுவனங்களுக்கான மூலதனத்தை 20 கோடியாகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது.

---

பழைய கணக்கன் எழுதியது:

தெற்குவீதி, கோபம் நியாயம்தான். 100 கோடி என்பது கிராம அளவிலான மியூச்சுவலைக் கொல்லும் தொகை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கே சட்டத்தை மாற்றி '60 பேர் போதும், மூலதனமே வேண்டாம்' என்று எழுதினாலும், செல்வம் தம்பியின் மார்க்கெட்டுக்கு நான் மியூச்சுவல் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏன்? தகரக் கூரை ஒன்று, கடை 60. ஒரு கடையில் பிடித்தால் எத்தனை கடையில் நிற்கும்? மியூச்சுவலின் அடிப்படையே, ஒருவர் எரியும்போது மற்றவர்கள் எரியாமல் இருந்து பணம் தருவது. எல்லோரும் ஒரே இரவில் எரிந்தால் தருவதற்கு ஆள் ஏது? 1871-இல் சிகாகோ எரிந்தபோது காப்பீட்டு நிறுவனங்கள் டஜன் கணக்கில் திவாலாயின. ஒரே ஊரில் பாலிசிகளைக் குவித்து வைத்திருந்தவைதான் முதலில் விழுந்தன.

பண்ணை மியூச்சுவல் சட்டத்தில் எனக்குப் பிடித்த முரண் இங்கேதான் இருக்கிறது. எல்லையைச் சின்னதாக வை என்கிறது சட்டம், ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. யார் வீட்டுப் புகைபோக்கி விரிசல் விட்டிருக்கிறது, யார் கடனில் மூழ்கிக் கொட்டகைக்குத் தீவைக்கும் நிலையில் இருக்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் எல்லை சின்னதாக ஆக, ஆபத்து ஒரே இடத்தில் குவியும். இரண்டையும் சமன் செய்ய இரண்டு வழி: கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், ஆபத்தின் பெரும்பங்கு மறுகாப்பீட்டுக்குப் போக வேண்டும். பண்ணைகளில் முதலாவது இயற்கையாகவே கிடைத்தது. மார்க்கெட்டில் அது கிடைக்கவே கிடைக்காது.

---

தெற்குவீதி எழுதியது:

அப்படியானால் நகரத்தில் மியூச்சுவலே நடந்ததில்லையா? பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் நண்பர்களும் 1752-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது? நெருக்கமான நகரம்தானே அது. இன்னும் அந்த நிறுவனம் இருக்கிறது.

---

பழைய கணக்கன் எழுதியது:

இருக்கிறது. எப்படித் தப்பித்தது என்று பாருங்கள். ஒவ்வொரு வீட்டையும் ஆள் போய் அளந்து பார்த்துத்தான் சேர்த்தார்கள். மரவீட்டை ஒதுக்கினார்கள். வீட்டு முன்னால் மரம் இருந்தால் தீயணைப்போருக்கு இடைஞ்சல் என்று அந்த வீடுகளையும் மறுத்தார்கள். மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784-இல் தங்களுக்கென்று இன்னொரு மியூச்சுவல் தொடங்கி, பச்சை மரத்தையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள்!

ரோட் ஐலண்டில் ஜக்கரையா ஆலன் என்ற ஆலை முதலாளி கதையும் இதே ரகம். தீ பரவாமல் இருக்க ஆலையில் செலவு செய்தார், அதற்காகப் பிரீமியத்தைக் குறைக்கச் சொன்னார், நிறுவனங்கள் மறுத்தன. 1835-இல் ஒத்த மனமுள்ள ஆலைக்காரர்களைச் சேர்த்துத் தானே ஒரு மியூச்சுவல் தொடங்கினார். இன்றைய எஃப்எம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வேர் அது. முதலில் தீயைத் தடு, பிறகு காப்பீடு செய். செல்வம் தம்பி, உங்கள் மார்க்கெட்டில் ஒயரிங்கை மாற்றப் பணம் திரட்டுங்கள். அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

---

கோட்டைமேடு செல்வம் எழுதியது:

ஒயரிங் சரி சார், பேசிப் பார்க்கிறேன். ஆனால் எரிந்துவிட்டால்? சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

---

மீனா_ரா எழுதியது:

சும்மா இருக்க வேண்டாம் அண்ணா. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று ஒரு தீக்காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. ஒரே இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் உள்ள தொழில், கடைகளுக்கானது. எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரே வாசகம்.

ஒன்றைக் கவனியுங்கள். 10 லட்சம் சரக்கை 5 லட்சம் என்று எழுதிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம் வியாபாரிகளிடம் உண்டு. 2 லட்சம் சரக்கு எரிந்தால் 1 லட்சம்தான் தருவார்கள், ஏனென்றால் பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு செய்தீர்கள். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைத்து எழுதியிருந்தால் அப்படி வெட்ட மாட்டார்கள். அதற்கு மேல் குறைந்தால் வெட்டுதான்.

சங்கம் மாதம் 200 வசூலிக்கலாம். ஆனால் அதை உறுப்பினர்களின் பிரீமியம் கட்டும் உதவியாகவோ, அவசர நல நிதியாகவோ வையுங்கள். நல நிதி என்றால் 'இவ்வளவு தருவோம்' என்ற உறுதி எங்கும் எழுதக் கூடாது. நிதி இருந்தால், செயற்குழு முடிவு செய்தால், உதவி. சங்கம் 1975-இன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விதிகளைத் திருத்தும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், துண்டறிக்கையையும் சேர்த்து. பெரும்பாலும் மாட்டிவிடுவது துண்டறிக்கைதான்.

---

நெறியாளர் எழுதியது:

இந்தியச் சட்டம் குறித்துத் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்குங்கள். ஏரிக்கரையின் கேள்வி பாதியில் நிற்கிறது.

---

ஏரிக்கரை எழுதியது:

நன்றி நெறியாளரே. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, டெக்சாஸில் கவுன்ட்டி மியூச்சுவல் என்ற பெயரில் கார் காப்பீடு விற்கிறார்களே, அந்த வழியில் போக முடியாதா என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். இரண்டு, சின்ன நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டாமே?

---

பழைய கணக்கன் எழுதியது:

டெக்சாஸ் கதையே வேறு. அங்கே கவுன்ட்டி மியூச்சுவல்களுக்குக் கட்டண விதிகளில் சலுகைகள் இருந்ததால், பெரிய நிறுவனங்கள் பழைய உரிமங்களைத் தங்கள் வாகனக் காப்பீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டன. பெயரில்தான் கவுன்ட்டி. மினசோட்டாவுக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை, விடுங்கள்.

வரி விலக்கு உண்மை. அமெரிக்க மத்திய வருமானவரிச் சட்டத்தின் 501(சி)(15) பிரிவு. ஆண்டு மொத்த வரவு 6 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, அதில் பாதிக்கு மேல் பிரீமியமாக இருக்க வேண்டும். மியூச்சுவலுக்கு இன்னொரு வாசலும் உண்டு: வரவு 1.5 லட்சத்துக்குள், பிரீமியம் 35 சதவீதத்துக்கு மேல். வரி மிச்சமாகிறது என்பதற்காக நிறுவனத்தை அந்த அளவுக்குள்ளேயே வைத்திருக்க நினைப்பது மட்டும் வேண்டாம். ஒரு பால்பண்ணைக் கொட்டகையே இன்று அந்தத் தொகையைத் தாண்டும்.

என் யோசனை கேட்டால், புதிதாகத் தொடங்காதீர்கள். இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மியூச்சுவல் இணைய வேண்டுமானால் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். நீங்களும் உறுப்பினர், உங்கள் 25 பேரும் உறுப்பினர்கள். பெரும்பாலான ஆண்டுக் கூட்டங்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வருவார்கள், காபிக்காகவும் பலகாரத்துக்காகவும். நீங்கள் 25 பேர் ஒன்றாகப் போய் உட்கார்ந்தால் அந்த அறையின் கணக்கே மாறும். மூன்று கேள்வி கேளுங்கள். உபரி எவ்வளவு, இணைந்த பிறகு யாருடையது? மறுகாப்பீட்டாளர் இணையச் சொன்னாரா, இவர்களாகவே போகிறார்களா? நிறுவனம் நொடித்தால் பாலிசிதாரருக்குப் பணம் தரும் மாநில உத்தரவாத நிதி நமக்குப் பொருந்துமா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

நேற்று நாலைந்து பேர் எங்கள் வீட்டில் கூடினோம். 14,000 டாலர் கணக்கைக் காட்டியதும் புது நிறுவனப் பேச்சு அடங்கிவிட்டது. மேலாளரை அழைத்துக் கேட்டோம். ஒளிக்காமல் பேசினார். அவர் ஓய்வு பெறப் போகிறார், அந்த வேலைக்கு விண்ணப்பித்தவர் யாருமில்லை. மறுகாப்பீட்டுச் செலவும் ஏறிவிட்டது. இணைப்புக்கு அதுதான் காரணம், சதி ஒன்றுமில்லை. அலுவலகத்தை வாரத்தில் இரண்டு நாளாவது இங்கேயே திறந்து வைக்க வேண்டும், நம் பக்கத்திலிருந்து இரண்டு இயக்குநர் இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். உத்தரவாத நிதிக் கேள்வியையும் அதில் சேர்த்துவிட்டோம்.

ஒரு இயக்குநர் இடத்துக்கு என் பெயரைச் சொல்கிறார்கள். அதற்கென்று தனித் தகுதி ஏதாவது சட்டத்தில் உண்டா?

---

பழைய கணக்கன் எழுதியது:

உறுப்பினராக இருக்க வேண்டும், மீதி உங்கள் நிறுவனத்தின் துணைவிதிகளில் இருக்கும். அலுவலகத்தில் கேட்டால் ஒரு பிரதி தருவார்கள். வேட்புமனு கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள், அதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள்.

---

குறும்பன்_77 எழுதியது:

இயக்குநர் ஆனதும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பாலிசி பார்த்துப் போட்டுக் கொடுங்கள். தூத்துக்குடி அடுத்த டவுன்ஷிப்தானே?